வண்டியின் கடைசி வரிசை

வந்திருந்தவர்கள்: இறந்துபோன லெட்சோலோவின் அக்கா செகோமோட்சோ, வயது எழுபத்தாறு, வீட்டிலிருந்த ஒரே கைவைத்த நாற்காலியில். அவள் மகன் ஓலெபிலெ, ரஸ்டன்பர்க் நகரத்தில் அலுவலக வேலை, கால்மேல் கால் போட்டபடி. லெட்சோலோவின் மனைவிக்குத் தம்பி திரோ, டவுங்கிலிருந்து முந்தின நாளே கிளம்பி வந்தவர், பாதித் தூக்கத்தில். லெட்சோலோவின் மகன் துசோ, வேன் ஓட்டுபவன். மகள் ஒனலென்னா, பிளாட்டினச் சுரங்கத்தின் விளக்கு அறையில் வேலை பார்ப்பவள், கையில் கைபேசி, மடியில் ஒரு நோட்டு. கொஞ்சம் தள்ளி, வீட்டுச் சுவரோரம் பாயில், கறுப்பு கவுனும் கறுப்புத் தோள்துணியுமாக லெட்சோலோவின் மனைவி திமகாட்சோ. இவளை வந்தவர்கள் கணக்கில் சேர்க்க முடியாது. துக்கம் காக்கிறவள் கூட்டத்தில் உட்கார மாட்டாள். கூட்டத்துக்குப் பக்கத்தில்தான் உட்காருவாள்.

இரண்டு மணிக்குக் கூட்டம் என்று பேச்சு. செகோமோட்சோவின் ஜெபம் முடியும்போதே மணி இரண்டே முக்கால். ஐந்து மணிக்குள் பூங்கா அலுவலகத்தின் வாட்ஸ்அப் எண்ணுக்குப் பட்டியல் போயாக வேண்டும். பத்துப் பெயர், பத்து அடையாள எண். அவ்வளவுதான் வேலை. சுரங்கத்துக்குள் இறங்கும் ஆயிரம் பேருக்கு ஒரு ஷிப்டில் தலைவிளக்கு எடுத்துக் கொடுக்கிறவள் ஒனலென்னா. பத்துப் பெயர் எழுத மூன்று வாரம் போதாது என்று அவளுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

அந்த மூன்று வாரமும் சாவு வீடுகளில் போயிற்று. சனிக்கிழமை என்றால் அந்த ஊரில் யாரையாவது அடக்கம் செய்தாக வேண்டும். முதல் சனி தேவாலயக் காவலாளி. அடுத்த சனி ஓலெபிலெயின் மனைவி வழியில் ஒரு கிழவர். மூன்றாவது சனி செத்தது யாரென்றே ஒனலென்னாவுக்குத் தெரியாது. ஆனாலும் போய் ஒரு மூட்டை உருளைக்கிழங்கை உரித்துக் கொடுத்துவிட்டு வந்தாள். சரி, ஞாயிற்றுக்கிழமை பேசலாம் என்றால், தாய்மாமன் இல்லாமல் குடும்ப விஷயம் பேசக் கூடாது என்றாள் அத்தை செகோமோட்சோ. தாய்மாமன் திரோ இருப்பது டவுங்கில். அவர் வந்து சேர்ந்தபோது கடைசி நாளும் வந்து சேர்ந்திருந்தது.

இன்று பூங்கா இருக்கும் இடத்தில்தான் மோகாலெங் என்ற அவர்கள் கிராமம் இருந்தது. ஊரைக் காலி செய்தபோது லெட்சோலோவுக்கு இருபத்திரண்டு வயது. மனிதர்களை லாரியில் ஏற்றி வெளியே இறக்கினார்கள். வேலி போட்டார்கள். யானையையும் காண்டாமிருகத்தையும் லாரியில் ஏற்றி வந்து உள்ளே இறக்கினார்கள். அதன்பிறகு பாரம்பரியப் பூங்கா என்று பெயர் வைத்து, உலகத்திலிருந்து வருகிறவர்களுக்கெல்லாம் காட்டினார்கள். இந்த வருடம்தான் நிர்வாகத்துக்குப் புத்தி வந்து, செப்டம்பர் மாதப் பாரம்பரிய தினத்தன்று பழைய ஊர்க்காரர்களைத் தன் செலவிலேயே உள்ளே அழைத்துப் போகிறது. ஒரு வகையறாவுக்கு ஒரு திறந்த வண்டி. காலையில் விலங்குகள், மதியம் பழைய ஊரும் கல்லறைகளும். ஒனலென்னா மனுப் போட்டிருந்தாள்; சீட்டுக் குலுக்கிப் போட்டதில் இவர்கள் வகையறா பெயர் வந்தது. மறுபடி இவர்கள் முறை வர ஆறு வருடமாகும். லெட்சோலோ ஜனவரியில் செத்தார். கடிதம் ஜூலையில் வந்தது.

ஒனலென்னாவுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. அந்தப் பத்தில் ஒரு பெயர் அம்மாவுடையதாக இருக்க வேண்டும்.

கடிதம் வந்த அன்று திமகாட்சோ அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "நாப்பத்திரண்டு வருஷம் அந்தாளு என் காதைத் தின்னாரு. கல்லு வீடாம், ஏழு அறையாம், வாசல்லயே வத்தாத ஊத்தாம், நானூறு மாடாம். எனக்கு ஒரு தகர வீடு கட்டிக் குடுக்க ஒம்பது வருஷம் ஆச்சு அவருக்கு. அங்க நெசமாவே கல்லு இருக்கா, இல்ல வெறும் வாய்தானான்னு நான் பாக்கணும்டி."

அவள் அதற்குமுன் எதையும் பார்க்க வேண்டும் என்று கேட்டவள் இல்லை. அறுபத்தாறு வயது, சர்க்கரை வியாதி, இடது கண்ணில் மங்கல். ஆறு வருடம் என்பது அவளிடம் இல்லாத சரக்கு.

தடை கறுப்புத் துணிதான். ஒரு வருடம் முழுக்கப் போட வேண்டும். போட்டிருக்கும்வரை பொழுது சாய்வதற்குள் வீட்டுக்கு வந்துவிட வேண்டும், விருந்துக்குப் போகக் கூடாது, யாருக்கும் கை கொடுக்கக் கூடாது, கறுப்பு அடுத்தவர் மேல் படக் கூடாது, குரல் உயர்த்தக் கூடாது. இப்போதெல்லாம் ஆறு மாதத்திலேயே கழற்றிவிடுகிறார்கள். ஆனால் கழற்றச் சொல்ல வேண்டியவள் புருஷனின் அக்கா. செகோமோட்சோ சொல்லவில்லை.

முதலில் கறி விஷயம் வந்தது.

"குடல் கறி நான் ஆக்கிக் கொண்டாறேன்," என்றாள் செகோமோட்சோ. "களி அங்கேயே கிண்டிக்கலாம்."

"அத்தை, உள்ள நெருப்பு மூட்டக் கூடாதுன்னு போட்டிருக்கு," என்றாள் ஒனலென்னா.

"யாரு போட்டது?"

"பூங்காக்காரங்க."

"எங்கப்பா புதைஞ்சு கெடக்குற மண்ணுல நான் அடுப்பு மூட்டுறதத் தடுக்க அவன் யாரு?"

"அம்மா, அங்க சிங்கம் இருக்கு," என்றான் ஓலெபிலெ. "கறி வாசனைக்கு அதுவும் தட்டு எடுத்துக்கிட்டு வந்து நிக்கும்."

துசோ சிரித்தான். அத்தை சிரிக்கவில்லை. குரங்கு வந்தால் என்ன செய்வது என்று கேட்டாள். அவர்கள் குலக் குறி குரங்கு. ரொட்டியைப் பிடுங்கிக்கொண்டு போனாலும் விரட்டக் கூடாது, கல் எறியக் கூடாது, பேர் சொல்லித் திட்டக் கூடாது. வண்டிக்காரன் விரட்டினால்?

"அவருகிட்ட முன்னாடியே சொல்லிடலாம் அத்தை."

"என்னன்னு சொல்லுவ? குரங்கு எங்க சொந்தக்காரன்னா?"

"உங்களப் பாத்தாலே அவருக்குப் புரிஞ்சுரும் அக்கா," என்று மெதுவாகச் சொன்னார் திரோ, கண்ணைத் திறக்காமலே. தாய்மாமனுக்கு அந்த உரிமை உண்டு. அத்தை அவரை முறைத்ததோடு விட்டுவிட்டாள்.

அரை மணி குரங்கில் போயிற்று. அடுத்த அரை மணி, துசோவின் வேனில் எந்த ஐஸ் பெட்டி ஏறும் என்பதில் போயிற்று. ஓலெபிலெ அலுவலகத்தாரோடு ஒருமுறை அந்தப் பூங்காவின் விடுதியில் இரண்டு நாள் தங்கியவன். ஆகவே எல்லாவற்றுக்கும் ஒரு யோசனை வைத்திருந்தான். பச்சைச் சட்டை போட வேண்டும். வாசனை பூசக் கூடாது. யானை காதை விரித்தால் என்ன அர்த்தம், விரிக்காவிட்டால் என்ன அர்த்தம். ஆகஸ்டு மாதக் காற்று செம்மண்ணை வாரி எல்லார் டீயிலும் போட்டது. ஒனலென்னா நோட்டில் ஒன்பது பெயர் எழுதி முடித்திருந்தாள். இங்கிருக்கும் நாலு பேர், ஓலெபிலெயின் மனைவி, துசோவின் மனைவி, இருவர் பிள்ளைகளில் பெரியவை மூன்று. அத்தை பெயரை மட்டும் அத்தையே இரண்டு தடவை எழுத்து எழுத்தாகச் சொன்னாள். மாமா வரவில்லை என்று முதலிலேயே சொல்லிவிட்டார்; அவருக்கு இடுப்பு வலி.

மணி நாலேகால்.

"பத்தாவது," என்றாள் ஒனலென்னா. "அம்மா."

யாரும் சுவர்ப்பக்கம் திரும்பவில்லை.

"கறுப்போடயா?" என்றாள் அத்தை.

"கறுப்போடதான். நீங்க கழட்டச் சொல்லலையே."

"எட்டு மாசத்துல கழட்டுனா ஊரு என்ன சொல்லும்? என் தம்பி செத்த ஈரம் காயல, அவ சிங்கம் பாக்கப் போயிட்டான்னு சொல்லும்."

"சிங்கம் பாக்க இல்ல அத்தை. உங்க அப்பா அம்மா கல்லறைக்கு. மருமக வரக் கூடாதா?"

"சிங்கமும் உண்டுல்ல?"

"சிங்கம் வந்தா கண்ண மூடிக்கச் சொல்றேன்."

இதற்குத் துசோகூடச் சிரிக்கவில்லை. மூன்று வாரமாக இரவில் விளக்குகளை மின்னேற்றியில் மாட்டிக்கொண்டே ஒனலென்னா யோசித்து வைத்திருந்த ஒரு வாதம் இருந்தது. அதை இப்போது எடுத்தாள்.

"அத்தை, ஒண்ணு கேக்குறேன். அம்மா ஆஸ்பத்திரிக்கு வேன்ல போறா. போகலாம்ல?"

"போகலாம்."

"எங்க உக்காருவா?"

"கடைசி சீட்டுல. துக்கக்காரி வேற எங்க உக்காருவா?"

"இதுவும் வண்டிதான். இதுலயும் கடைசி வரிசையில உக்காரட்டும். யாரும் திரும்பிப் பாக்க வேணாம். கறுப்பு யாரு மேலயும் படாது. பொழுது சாயறதுக்குள்ள துசோ கொண்டாந்து விட்டுருவான். எதுல தப்பு?"

செகோமோட்சோ தாடையைத் தடவினாள். வழக்கத்தை மீறச் சொல்லியிருந்தால் அவளுக்குப் பதில் சொல்ல எளிதாக இருந்திருக்கும். வழக்கத்தையே எடுத்து நீட்டினால் என்ன சொல்வது? அவள் தலை மெல்ல ஆடியது, மேலும் கீழுமாக.

"கடைசி வரிசைன்னா... சரி. பேசாம வரணும். எறங்கும்போது கடைசியா எறங்கணும்."

ஒனலென்னா கைபேசியில் பத்தாவது பெயரை அடித்தாள். தி, ம, கா.

"கடைசி வரிசையா?" என்றான் ஓலெபிலெ. "அட, அதுதாம்மா இருக்கறதுலயே நல்ல எடம். நாங்க போனப்ப எங்க டைரக்டர் அங்கதான் உக்காந்தாரு. யாரையும் விடல."

"என்ன நல்ல எடம்?"

"அந்த வண்டி நம்ம வேன் மாதிரி இல்லம்மா. ஃபுட்பால் மைதானத்துல இருக்குமே, படிப்படியா, அந்த மாதிரி. முன்னால தாழ, பின்னால ஒசரம். இரு, காட்டுறேன்."

அவன் காட்டினான். படம் அவன் கைபேசியில் தயாராகவே இருந்தது, எட்டு வருடமாக. பச்சை வண்டி. மூன்று வரிசை. கடைசி வரிசையில், எல்லாருடைய தொப்பிக்கும் மேலே, கண்ணாடி போட்ட ஒரு தடித்த மனிதர் ராஜா மாதிரி.

அத்தை கைபேசியைக் கண்ணருகில் கொண்டுபோனாள், தள்ளிப் பிடித்தாள், மறுபடி கொண்டுபோனாள்.

"என் தலைக்கு மேலயா உக்காருவா?"

ஒனலென்னா படத்தை எட்டிப் பார்த்தாள். அவளும் அந்த வண்டியைப் பார்த்திருக்கிறாள், பூங்கா வாசலில் எத்தனையோ தடவை. பின்வரிசை உயரம் என்று அவளுக்குத் தெரியும். ஆனால் கடைசி என்றால் கடைசி என்றுதான் மூன்று வாரமும் நினைத்தாள். அது மேலே இருக்கிறது என்பது அவள் புத்தியில் ஏறவே இல்லை.

"கறுப்புத் துணி காத்துல பறக்கும். எங்க எல்லாரு தலை மேலயும்," என்றாள் அத்தை. "என் பேரப்புள்ளைங்க தலை மேலயும்."

"அப்ப முன்வரிசையில உக்காரட்டும். அதுதான் தாழ இருக்கு."

"துக்கக்காரி முன்னாடி போயி, நாங்க அவ பின்னாடி போறதா?"

"நடுவுல?"

"நடுவுலன்னா ரெண்டு பக்கமும் ஆளு இருக்கும்."

"ஓட்டுறவர் பக்கத்துல?"

"அந்நிய ஆம்பள பக்கத்துலயா? என் தம்பி பொண்டாட்டியா?"

"அப்ப வண்டியில அவ உக்கார எடமே கெடையாதுன்னு சொல்லுங்க!"

"நான் சொல்லலடி. வண்டிய அப்படிச் செஞ்சிருக்கான்."

ஒனலென்னா தாய்மாமன் பக்கம் திரும்பினாள். இதற்காகத்தானே இவரை அத்தனை தூரத்திலிருந்து வரவழைத்தது. அம்மாவின் சொந்தத் தம்பி. அம்மாவுக்காகப் பேச இந்த முற்றத்தில் இருக்கும் ஒரே ஆள்.

"மாமா, நீங்க சொல்லுங்க."

திரோ கண்ணைத் திறந்தார். தொண்டையைச் செருமினார். எல்லாரும் காத்திருந்தார்கள்.

"பெரியவங்க சொல்றதுல ஞாயம் இருக்கு," என்றார். "ஒனா சொல்றதுலயும் ஞாயம் இருக்கு." பிறகு நாற்காலியில் நிமிர்ந்தார். "அந்தக் குடல் கறி இன்னிக்கு இல்லையா?"

மணி நாலு முப்பத்தைந்து. ஓலெபிலெ கைபேசியைத் திரும்ப வாங்கிக்கொண்டான். ஏதோ செய்துவிட்டோம் என்று அவனுக்கே லேசாகப் பட்டிருக்க வேண்டும். "வேணும்னா இன்னொரு வண்டி கேட்டுப் பாக்கலாம், சின்னதா..." என்று ஆரம்பித்து, யாரும் கேட்காததால் நிறுத்தினான்.

செகோமோட்சோ கொடுமைக்காரி இல்லை. இடம் இல்லாததற்கு அவளுக்கும் வருத்தம். அதனால் ஒரு சலுகை கொடுத்தாள். "வாசல்வரைக்கும் வேன்ல வரட்டும். கடைசி சீட்டுல. நாங்க உள்ள போயிட்டு வர்றவரைக்கும் பையி, பொட்டியெல்லாம் பாத்துக்கிட்டு வேலி ஓரமா நெழல்ல உக்காந்திருக்கட்டும்."

சுவரோரம் பாய் சரசரத்தது. திமகாட்சோ கையை ஊன்றி எழுந்தாள். குரலை உயர்த்தவில்லை. ஆனால் காற்று அந்த நேரம் பார்த்து ஓய்ந்திருந்தது.

"அந்த வேலிகிட்ட அவரு கூட நாப்பத்திரண்டு வருஷம் நின்னாச்சு அக்கா," என்றாள். "வேலிய எனக்கு நல்லாத் தெரியும்."

பாயைச் சுருட்டினாள். உள்ளே போனாள். கதவைச் சாத்தினாள்.

"கோவத்தப் பாரு," என்றாள் அத்தை. "சரி, பத்தாவதுக்கு நம்ம போதகர் பேரப் போடு. அவரு ரொம்ப நாளா கேட்டுக்கிட்டிருக்காரு."

"போட மாட்டேன்."

"என்ன?"

"அம்மா பேரு இல்லன்னா இந்தப் பட்டியலயே அனுப்ப மாட்டேன். மனு என் பேருலதான் இருக்கு. நான் அனுப்பலன்னா யாரும் போக முடியாது. குடலக் கட்டிக்கிட்டு வீட்டுலயே இருங்க."

துசோ எழுந்து நின்றான். "அக்கா, வெளயாடாத. புள்ளைங்க கிட்ட சொல்லியாச்சு. யானை பாக்கப் போறோம்னு பெரியவன் ஸ்கூல் பூரா சொல்லிட்டான்."

"உன் அம்மாவுக்கு ஒரு வார்த்த பேசினியாடா நீ? ஐஸ் பெட்டிக்கு அரை மணி பேசினியே."

"நான் என்ன பேசுறது? வண்டிய நானா செஞ்சேன்?"

அத்தை நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். ஓலெபிலெ, "ஆறு வருஷம்டி, யோசிச்சுப் பேசு," என்றான். மாமா டீக்கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தார். மற்ற மூன்று பேரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். ஒனலென்னா கைபேசியைத் தூக்கிக்கொண்டு நேரே வீட்டுக்குள் போய்விட்டாள்.

திமகாட்சோ சமையலறை மேசையில் உட்கார்ந்து, ஆறிப்போன டீயில் ரஸ்க்கை முக்கித் தின்றுகொண்டிருந்தாள்.

"அனுப்பிட்டியா?"

"இல்ல. அனுப்ப மாட்டேன்னு சொல்லிட்டேன்."

ஒனலென்னா எதை எதிர்பார்த்தாள் என்று அவளுக்கே தெரியாது. ஒரு நல்ல வார்த்தையாவது. அம்மா ரஸ்க்கை மென்று விழுங்கிவிட்டுத்தான் பேசினாள்.

"மடச்சி. நீயும் போகலன்னா யாருடி போய் அந்த வீட்டப் பாக்குறது? நான் செத்தப்பறம் ஓலெபிலெ பாத்துட்டு வந்து என் கல்லறையில சொல்லுவானா?"

"உனக்காகத்தானம்மா..."

"எனக்காக ஒண்ணும் பண்ண வேணாம். எனக்குச் சேதி வேணும். ஒம்பது பேரு இருக்கு. பத்தாவது நான் சொல்றேன், எழுது. மொலாட்லெகி."

ஒனலென்னா அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். மூன்றாவது தெருவில் இருக்கும் மொலாட்லெகியும் மோகாலெங்காரர்தான், வேறு வகையறா. அப்பாவும் அவரும் ஒரு கழுதை வண்டி விஷயமாக முப்பது வருடம் முகம் பார்க்காமல் இருந்தவர்கள். அப்பாவின் அடக்கத்துக்குக்கூட அந்த மனிதர் வரவில்லை.

"அவரா? அவருக்கு அப்பாவக் கண்டாலே ஆகாதே."

"அதான் அவரு. அங்க போனா உங்க அத்தை எந்தக் கல்லக் காட்டினாலும் 'அதுதான் எங்க வீடு'ன்னு அழுவா. ஓலெபிலெ படம் எடுப்பான். நீங்க யாரும் அந்த ஊரப் பாத்ததில்ல. மொலாட்லெகி அடுத்த வீட்டுல பொறந்தவரு. உங்கப்பாவுக்காக ஒரு பொய் சொல்ல மாட்டாரு. ஏழு அறை இருந்துச்சுன்னு அந்தாளு வாயால சொன்னா நான் நம்புறேன்."

"அடையாள எண் வேணுமே. இருவது நிமிஷம்கூட இல்ல."

திமகாட்சோ எழுந்து அலமாரியின் கீழ்த் தட்டைத் திறந்தாள். துணிக்கு அடியிலிருந்து ஊர்ச்சபை முத்திரை போட்ட மஞ்சள் காகிதம் ஒன்றை எடுத்தாள். கழுதை வண்டி வழக்கு. வாதி லெட்சோலோ, பிரதிவாதி மொலாட்லெகி, இருவர் எண்ணும் தட்டச்சில் தெளிவாக இருந்தன.

"அடி."

ஒனலென்னா அடித்தாள். அம்மா பின்னால் நின்று, நல்ல கண்ணை இடுக்கி ஒவ்வொரு எண்ணாகச் சரிபார்த்தாள். ஒரு ஏழு ஒன்றாகப் போயிருந்தது, திருத்த வைத்தாள். நாலு ஐம்பத்தாறுக்குப் பட்டியல் போயிற்று. இரண்டு டிக் விழுந்தது.

வெளியே அத்தையின் குரல் கேட்டது. போதகரின் முழுப் பெயரை யாருக்கோ எழுத்து எழுத்தாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"நீ வந்து சொல்லும்மா," என்றாள் ஒனலென்னா. "மொலாட்லெகின்னு நான் போய்ச் சொன்னா என்னக் கொன்னுருவாங்க."

"நான் துக்கக்காரி. கூட்டத்துல பேசக் கூடாது."

"அம்மா!"

"உங்க அத்தைகிட்டயே கேளு, சரின்னு சொல்லுவா."

திமகாட்சோ மகளின் முதுகில் உள்ளங்கையை வைத்து, வாசல்வரை தள்ளிக்கொண்டு வந்தாள். முற்றத்தில் நாலு தலைகளும் திரும்பின. ஒனலென்னா படியில் இறங்கி ஒரு அடி வைப்பதற்குள் பின்னால் கதவு சாத்திக்கொண்டது. சாவி பூட்டுக்குள் இரண்டு சுற்றுச் சுற்றியது.